சுடுவது ஒன்று, மூச்சை அடைப்பது இன்னொன்று

உங்கள் உடலில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்திலும் இந்த நிமிடம் இருக்கும் ஃபார்மிக் அமிலத்தை மொத்தமாகத் திரட்டினால் பத்து மில்லிகிராம் அளவுக்குத் தேறும். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை கொஞ்சம் கூடும், குறையும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் ஷீட் போடுவதற்காக வாங்கிவைக்கும் 85 சதவீத ஆசிட்டின் ஒரே ஒரு சொட்டில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது உங்கள் ரத்தம் முழுவதிலும் உள்ளதைப் போல நான்கைந்து மடங்கு, ஒரு சொட்டில். கேனில் இருப்பது செயற்கை, உடம்பில் இருப்பது இயற்கை என்று பிரித்துப் பேச இதில் இடமே இல்லை. அணுவுக்கு அணு இரண்டும் ஒன்றுதான். அளவும், அது போய்ச் சேரும் இடமும்தான் வேறு.

ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். இவ்வளவுதான் ஃபார்மிக் அமிலம். கார்பாக்சிலிக் அமிலங்களில் இதைவிடச் சிறியது கிடையாது. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்துக்கு ஒரு கார்பன் கூடுதல். ஆனால் வீரியத்தில் ஃபார்மிக் அமிலம் அதைப்போல் பத்து மடங்கு. நிறமில்லாத திரவம், மூக்கைத் துளைக்கும் நெடி, தண்ணீருக்கு மிக அருகில் 100.8 டிகிரியில் கொதிக்கும். பார்வைக்குத் தண்ணீர் போலவே இருப்பதுதான் இதன் முதல் ஆபத்து.

தண்ணீரில் கலந்ததும் இது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஹைட்ரஜன் அயனி, அதாவது வெறும் புரோட்டான். மற்றது ஃபார்மேட் என்னும் எதிர்மின் அயனி. எல்லா மூலக்கூறுகளும் பிரிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி பிரியாமல் முழுசாகவே இருக்கும். அந்தப் பிரியாத பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். புரோட்டான் பட்ட இடத்தைச் சுடும். தோலின் புரதங்களை உருக்குலைக்கும், கொப்புளம் எழுப்பும், கண்ணில் பட்டால் கருவிழியை வெண்மையாக்கிவிடும். அது வலிக்கும், வலிப்பதால் ஆளைக் குழாயடிக்கு ஓடவைக்கும். ஃபார்மேட் அப்படியல்ல. சத்தமில்லாமல் ரத்தத்தில் கலந்து, செல்லுக்குள் போய், அங்கே மூச்சை அடைக்கும். ஆசிட் என்றதும் நாம் முதலாவதை மட்டுமே நினைக்கிறோம். முதலுதவி, எச்சரிக்கைப் பலகை, கையுறை எல்லாமே அதை மனதில் வைத்துத்தான் சொல்லப்படுகின்றன. ஃபார்மிக் அமிலத்தைப் பொறுத்தவரை அது பாதிக் கதை.

மீதிக் கதைக்குப் போக எறும்பிலிருந்து தொடங்குவதுதான் முறை, ஏனென்றால் இந்த அமிலம் மனிதனுக்கு அறிமுகமானதே எறும்பின் மூலம்தான். ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே 1671-இல் ராயல் சொசைட்டியின் இதழில் எறும்பின் புளிப்புச் சாறு பற்றி எழுதினார். புற்றைக் கிளறிவிட்டு நீல நிற சிக்கரிப் பூக்களை அதன்மேல் போட்டால், எறும்புகள் பீய்ச்சும் சாறு பட்டுப் பூ சிவப்பாகிவிடுகிறது என்பதை அதில் பதிவுசெய்தார். எறும்புகளை வாலையில் இட்டு வடித்தபோது வினிகர் போன்ற ஒரு அமிலம் கிடைத்ததும் அதே கடிதத்தில் இருக்கிறது. (நம் வீட்டுச் சங்குப்பூவில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகிச் சிவப்பதும் இதே வேதியியல்தான்.) 1749-இல் ஜெர்மன் வேதியியலாளர் மார்கிராஃப் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். 1855-இல் பிரான்சின் பெர்த்தலோ கார்பன் மோனாக்சைடிலிருந்தே அதைத் தயாரித்துக் காட்டிய பிறகு எறும்புகளுக்கு விடுதலை.

மாமரத்தில் ஏறியவர்களுக்கு முசுறைத் தெரியும். இலைகளை இழுத்துச் சேர்த்து, புழுக்கள் உமிழும் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் சிவந்த எறும்பு. அதற்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கடித்துத் தோலைக் கிழித்து, வயிற்றின் நுனியை முன்னால் வளைத்து, கிழித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். எரிச்சல் அதனால்தான். இந்த எறும்புக் குடும்பத்தின் சில இனங்களில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஃபார்மிக் அமிலமாகவே இருக்கும். ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியில் முசுறை அரைத்துச் செய்யும் சிமிலிபால் துவையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் புளிப்பில் இந்த அமிலத்துக்கும் பங்குண்டு.

இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்றைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. எது கொட்டினாலும் ஃபார்மிக் அமிலம்தான், காரம் தடவினால் சரியாகிவிடும் என்பது பலர் மனதில் பதிந்த பாடம். தேனீயின் விஷத்தில் முக்கியமானது மெலிட்டின் என்ற புரதத் துண்டு. நெருப்பெறும்பின் விஷம் பெரும்பாலும் ஆல்கலாய்டு. காஞ்சொறிச் செடிகளின் சுணையில் ஹிஸ்டமின் போன்ற பொருள்களுக்கே முதலிடம். சோடா மாவைத் தடவுவதால் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் அமிலத்தை முறித்துவிட்டோம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமும் இல்லை. தன் அமிலத்தை மருந்தாகவே பயன்படுத்தும் எறும்பும் உண்டு. அமெரிக்காவில் பரவிய ஒரு வகைப் பைத்திய எறும்பு, நெருப்பெறும்பின் விஷம் தன்மேல் பட்டதும் வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தை எடுத்து உடம்பெங்கும் பூசி அந்த விஷத்தைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. 2014-இல் இதை டெக்சஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது எறும்பு ஆய்வாளர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

ஆனால் எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறு. எறும்பு இதை எப்படித் தயாரிக்கிறது? ஹெஃபெட்ஸ், பிளம் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் இதற்கு விடை கண்டார்கள். செரின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து ஒற்றைக் கார்பனைப் பிய்த்தெடுத்து, ஃபோலேட்டின் மேல் ஏற்றி, விஷச் சுரப்பியில் ஃபார்மிக் அமிலமாக இறக்கிவைக்கிறது எறும்பு. ஃபோலேட் என்றால், கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் அதே ஃபோலிக் அமில வைட்டமின்தான். எறும்பு புதிதாக எந்த வித்தையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லா உயிரிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய பாதையில் உற்பத்தியைக் கூட்டி, கிடைத்த சரக்கைத் தடித்த உறைபோட்ட பையில் சேமித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நம் உடலில் அதே பாதை வேறு வேலைக்கு ஓடுகிறது. இதைக் காட்டிக்கொடுத்தது புறாவின் எச்சம். 1940-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜான் புக்கானன், ஜான் சோன், அடிலெய்டு டெலூவா மூவரும், மரபணுவின் எழுத்துகளான பியூரின்களை உடல் எதிலிருந்து கட்டுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகவே வெளியேற்றும்; யூரிக் அமிலமும் ஒரு பியூரின். ஆக எச்சத்தைச் சேகரித்தால் போதும், பறவையை அறுக்க வேண்டியதில்லை. கார்பன்-13 என்ற கனமான கார்பனால் அடையாளமிட்ட ஃபார்மேட்டைப் புறாக்களுக்குக் கொடுத்தார்கள். எச்சத்திலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தார்கள். பிறகு அந்த மூலக்கூறை ஒவ்வொரு கார்பனாக உடைத்து, எந்த இடத்துக் கார்பன் கனமாக இருக்கிறது என்று நிறமாலைமானியில் அளந்தார்கள். வளையத்தின் இரண்டாம் இடத்திலும் எட்டாம் இடத்திலும் இருந்த கார்பன்கள் கனமாக இருந்தன. மற்ற இடங்களுக்குக் கிளைசினும் கார்பன் டை ஆக்சைடும் கார்பன் கொடுத்திருந்தன. 1948-இல் வெளிவந்த இந்த முடிவு உயிர்வேதியியலின் அழகான சோதனைகளில் ஒன்று என்பது என் கருத்து. பறவை எச்சத்தை இவ்வளவு மரியாதையோடு கையாண்டவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது.

இன்று படம் இன்னும் தெளிவாக இருக்கிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியா செரினை உடைத்து ஃபார்மேட் தயாரிக்கிறது. அது வெளியே வந்து ஃபோலேட்டின் மேல் ஏறி, டி.என்.ஏ.வின் அடினினாகவும் குவானினாகவும் தைமினாகவும் மாறும் வேலைக்குப் போகிறது. வேகமாகப் பிரியும் செல்லுக்கு ஃபார்மேட் அதிகம் வேண்டும். இந்தப் பாதையின் ஒரு நொதி இல்லாமல் உருவான எலிக் கருக்களில் மூளையும் முதுகுத்தண்டும் சரியாக மூடுவதில்லை. தாய் எலிக்கு ஃபார்மேட் கொடுத்தபோது அந்தக் குறை குறைந்தது. மனிதரில் இதே வகைப் பிறவிக் குறை மீண்டும் நேராமல் ஃபோலிக் அமிலம் பெருமளவு தடுக்கிறது என்று 1991-இல் பிரிட்டனின் பெரிய ஆய்வு நிறுவியது. ஃபோலேட்டின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. 1931-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் ரத்தசோகை கண்ட கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துக் குணமாக்கியபோதுதான் இப்படி ஒரு சத்து இருக்கிறது என்பதே தெரிந்தது.

ஆக, உடலுக்கு ஃபார்மேட் அந்நியன் அல்ல. கையாளத் தெரிந்த பொருள், கையாள வசதியும் உள்ள பொருள். வசதிக்கு மிஞ்சி வந்து சேரும்போதுதான் வினை.

அது எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தமிழ்நாடு கொடூரமாகப் பார்த்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர். செய்திகளில் மெத்தனால் விஷம் என்று படித்தோம். உண்மையில் மெத்தனால் குடித்தவரைக் கொன்றது மெத்தனால் அல்ல. கல்லீரல் அதை மாற்றிய பொருள். ஆல்கஹால் டிஹைட்ரஜினேஸ் என்ற நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது. அடுத்த நொதி அதை நிமிடங்களில் ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அதற்கடுத்த படி, அதாவது ஃபோலேட் உதவியோடு ஃபார்மேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக எரித்து வெளியேற்றும் படி, மனிதருக்கு மந்தமானது. ஃபார்மேட் தேங்கத் தொடங்குகிறது. சாதாரணமாக லிட்டருக்குச் சில பத்து மைக்ரோமோல் இருந்தது, நூறு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

தேங்குவதற்கு நேரம் பிடிக்கும். குடித்தவர் இரவு தூங்குகிறார், காலையில் எழுந்தும் நடமாடுகிறார். பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு. கண்முன் எல்லாம் வெள்ளை மூட்டமாகத் தெரிகிறது. பார்வைதான் முதலில் போவதற்குக் காரணம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கடைசியாகப் பயன்படுத்தும் நொதி சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். ஃபார்மேட் அதைப் பிடித்துக்கொண்டு வேலைசெய்யவிடாமல் செய்கிறது. நுரையீரல் காற்றை இழுக்கிறது, ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்கிறது, ஆனால் செல்லால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் ஆற்றல் தேவை மிக அதிகம், இருப்பு மிகக் குறைவு. அவைதான் முதலில் விழுகின்றன. ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும் செல் லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. ரத்தம் மேலும் அமிலமாகிறது. அமிலமானால் ஃபார்மேட் புரோட்டானோடு மறுபடி சேர்ந்து பிரியாத மூலக்கூறாகிறது. முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பகுதி. மின்னேற்றம் இல்லாத அந்த முழு மூலக்கூறு செல்லின் கொழுப்புச் சவ்வை எளிதாக ஊடுருவி உள்ளே போகும். உள்ளே போகப் போக மூச்சு மேலும் அடையும், அமிலம் மேலும் கூடும். இந்தச் சுழல் ஒருமுறை சுற்றத் தொடங்கினால் தானாக நிற்பதில்லை.

வெகுகாலம் இது புரியாமல் போனதற்கு எலிகளும் ஒரு காரணம். ஆய்வகத்தில் எலிக்கு மெத்தனால் கொடுத்தால் அது மயங்கி எழும். ரத்தம் அமிலமாவதில்லை, பார்வை போவதில்லை. எலியின் கல்லீரலில் ஃபோலேட் அதிகம், ஃபார்மேட்டை அது சுடச்சுட எரித்துவிடும். குரங்கு மனிதனைப் போல. 1970-களில் அயோவா பல்கலைக்கழகத்தில் தாமஸ் டெஃப்லியின் குழு குரங்குகளில் செய்த சோதனைகள்தான் ஃபார்மேட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. அதில் 1978-இல் வெளியான ஒரு சோதனை இந்த அத்தியாயத்துக்கு அச்சாணி. அவர்கள் மெத்தனால் கொடுக்கவேயில்லை. குரங்குகளின் ரத்தத்தில் ஃபார்மேட்டை மட்டும் ஏற்றினார்கள், ரத்தத்தின் பி.எச். அளவு கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அமிலத்தன்மையே இல்லை. அப்படியிருந்தும் பார்வை நரம்பின் முனை வீங்கியது. கண்ணைக் கெடுத்தது புரோட்டான் அல்ல, ஃபார்மேட் என்பது அதோடு உறுதியானது.

காரணம் தெரிந்ததும் மருத்துவமும் துலங்கியது. நொதியை மறித்தால் மெத்தனால் ஃபார்மேட்டாக மாறாமல் அப்படியே சிறுநீரகம் வழியாகவும் டயாலிசிஸ் வழியாகவும் வெளியேறிவிடும். ரேஷன் கடையில் பில் போடுபவர் ஒருவர்தான், அவருக்கு வேண்டப்பட்டவர்கள் வரிசையில் முன்னால் புகுந்துகொண்டே இருந்தால் பின்னால் நிற்பவர் வெறும் பையோடு திரும்ப வேண்டியதுதான். மருத்துவமனையில் அளவறிந்து செலுத்தும் எத்தனால் இந்த வேண்டப்பட்டவரின் வேலையைச் செய்கிறது. அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல்தான் நாட்டம். ஃபோமெபிசோல் என்ற மருந்து பில் போடுபவரையே எழுந்திருக்கச் செய்துவிடும். இதோடு ஃபார்மேட்டை எரிக்க ஃபோலினிக் அமிலம், அமிலச் சுழலை நிறுத்த சோடியம் பைகார்பனேட். இதைப் படித்துவிட்டு, கள்ளச்சாராயத்துக்கு மாற்று மருந்து நல்ல சாராயம் என்று யாரும் வீட்டிலேயே இறங்கிவிட வேண்டாம். ரத்த அளவைப் பார்த்துப் பார்த்து மணிக்கணக்கில் செய்ய வேண்டிய சிகிச்சை அது. மதிப்புமிக்க மணி நேரங்களை வீட்டில் தொலைத்தவர்கள்தான் கண்ணையும் உயிரையும் தொலைத்தார்கள்.

இனி, கேனிலிருந்து நேரடியாக வரும் ஃபார்மிக் அமிலம்.

குலசேகரம், களியல் பக்கம் விடிவதற்கு முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். சிரட்டையிலோ பிளாஸ்டிக் கப்பிலோ சேர்ந்த ரப்பர் பாலை வாளியில் திரட்டிக் கொண்டுவந்து, சல்லடையில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து அலுமினியத் தட்டுகளில் ஊற்றுவார்கள். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள் ஒவ்வொன்றும் எதிர்மின்னேற்றம் கொண்ட புரதப் போர்வை போர்த்தியிருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே நிற்கும். நீர்த்த ஃபார்மிக் அமிலத்தை ஊற்றிக் கலக்கினால் புரோட்டான்கள் அந்த மின்னேற்றத்தைச் சரிக்கட்டிவிடும். பி.எச். ஐந்துக்குக் கீழே இறங்கியதும் துகள்கள் கைகோத்துக்கொள்ளும். மேலே பொங்கும் நுரையை வழித்தெடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழி விழும், தரம் இறங்கும். உறைந்த வெள்ளைக் கட்டியை உருளைகளில் கொடுத்துப் பிழிந்து, புகை அறையில் உலர்த்தினால் ரப்பர் ஷீட். கந்தக அமிலம் மலிவு என்று அதைப் போடுகிறவர்களும் உண்டு. அது ஆவியாகாமல் ஷீட்டிலேயே தங்கி ரப்பரைக் கெடுக்கும். ஃபார்மிக் அமிலம் காயும்போது பறந்துவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலிலும் சாயத்தை நிலைக்கவைக்க இதே ஆசிட்தான்.

தொழிலுக்குத் தேவைப்படுவது நூறில் ஒரு பங்கு அளவுக்கு நீர்த்த கரைசல். வீட்டுக்கு வருவதோ 85 சதவீதம். ஒரு லிட்டர் கேனில் ஏறக்குறைய ஒரு கிலோ அமிலம். இந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது; அதிலும் கேனிலிருந்து குவளைக்கு ஊற்றும் அந்த அரை நிமிடத்தில். குவளையில் தண்ணீர் முதலில், ஆசிட் பிறகு. கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி இல்லாமல் கேனைத் திறக்கக் கூடாது. கையுறை மெல்லிய மருத்துவமனை ரகமாக இருந்தால் கையுறை இல்லாத மாதிரிதான். பியூட்டைல் அல்லது நியோபிரின் ரகம் வேண்டும். திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று ஊற்றுவது நல்லது. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கா அனுமதிக்கும் சராசரி, காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு மட்டுமே. நெடி நெஞ்சை அடைக்கிறது என்றால் அந்த எல்லை எப்போதோ தாண்டியாயிற்று.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபார்மிக் அமிலம் உடைய இரண்டு வழிகள் உண்டு. உயிர்கள் அதைக் கார்பன் டை ஆக்சைடாக்குகின்றன. அடர்த்தியான அமிலம் கேனுக்குள் தானாகவே, மெதுவாக, கார்பன் மோனாக்சைடும் தண்ணீருமாக உடைகிறது. வெயில் பட்டால் வேகம் கூடும். இறுக மூடிய கேன் உப்பி, திறக்கும்போது முகத்தில் பீய்ச்சியடிக்கும். அதனால்தான் அடர் அமிலத்துக்கு வாயு கசியவிடும் மூடி போடுகிறார்கள். அதை அடைத்து வைப்பதும் தவறு, கேனைப் படுக்கும் அறையில் வைப்பதும் தவறு; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் வைக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் பிறக்கும். இரும்புப் பாத்திரத்தை அரித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் ரப்பர் ஆசிட் வீட்டுக்குள் வரும் பொருள். கோட்டயம் மருத்துவர்கள் 1985-லேயே இதை உட்கொண்டு வந்த 53 பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதவேண்டியிருந்தது. பூட்டும் சாவியும் உள்ள இடத்தில் வைப்பது, தேவையான அளவு மட்டும் வாங்குவது, வீட்டிலிருந்து தள்ளி வைப்பது ஆகிய மூன்றும் உயிர்காக்கும் ஏற்பாடுகள்.

மேலே பட்டுவிட்டால் தண்ணீர்தான் மருந்து. ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம், கடிகாரம் பார்த்து. நனைந்த சட்டையைத் தலை வழியாக இழுக்காமல் கிழித்தோ வெட்டியோ கழற்றுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரலால் விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, சோடா மாவு எதையும் தோலில் அப்ப வேண்டாம். அமிலமும் காரமும் சேர்ந்து கிளப்பும் சூடு புண்ணை ஆழமாக்கும். சோடா மாவு தரையில் சிந்தியதற்கு. விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, போன வழியே திரும்பி வந்து உணவுக்குழாயை இரண்டாம் முறை சுடும். வாயைக் கொப்பளிக்கவைத்து 108-ஐ அழைப்பதுதான் செய்ய வேண்டியது.

பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கழுவியாயிற்று, எரிச்சல் அடங்கிவிட்டது, களிம்பு போட்டாயிற்று. புரோட்டானுக்குரிய கணக்கு அதோடு தீர்ந்தது, ஃபார்மேட்டின் கணக்கு தீரவில்லை. தோலில் விரிவாகப் பட்ட ஃபார்மிக் அமிலம் உள்ளே ஊடுருவி, ரத்தத்தை அமிலமாக்கி, சிவப்பணுக்களை உடைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, ஒரு குழந்தை உட்பட. சிறுநீர் கறுத்தோ சிவந்தோ போனால், மூச்சு வேகமாக வாங்கினால், பார்வை மங்கினால், புண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது அவசரம். விழுங்கியவரை வெளிக்காயம் இல்லையென்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது. மருத்துவமனையில் ரத்தத்தின் பி.எச். பார்ப்பார்கள், சிறுநீரகத்தைக் கவனிப்பார்கள், தேவையானால் பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம், டயாலிசிஸ். இவற்றில் ஒன்றுகூட சாதாரண ஆசிட் புண்ணுக்கான சிகிச்சை அல்ல. கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றியதாக மருத்துவர் நினைத்துக்கொண்டால் இவற்றைத் தேடிப் போகமாட்டார். எனவே புறப்படும் முன் கேனின் லேபிளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போனதும் வெறுமனே ஆசிட் என்று சொல்லாமல், ஃபார்மிக் ஆசிட், இத்தனை சதவீதம், இத்தனை மணிக்குப் பட்டது என்று சொல்லுங்கள்.